ஐந்தாவது ஸ்பீக்கர்

பிப்ரவரி 19, புதன்

எதிர் வீட்டு நாய் குரைக்கிறது என்று என் வீட்டுக்காரர் கையைக் காட்டிச் சொன்னார். எனக்கு யாரோ தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்குவது போல இருந்தது. நாயின் வாயும் டப்பாச் சத்தமும் ஒரே நேரத்தில் அசைந்ததால் நம்பினேன்.

இன்று காலை கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் என் இடது காதுக்குப் பின்னால் மெஷினை மாட்டி முதன்முதலாக ஸ்விட்ச் போட்டார்கள். காதுக்குள்ளே கருவி வைக்கிற ஆபரேஷன் முடிந்து நாலு வாரம் ஆகிறது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு காய்ச்சலில் எனக்கு இரண்டு காதும் போனது. அப்போது வயது நாற்பத்தொன்று. அன்றிலிருந்து உதட்டைப் பார்த்துத்தான் பேச்சு, இல்லாவிட்டால் சிலேட்டு.

பயிற்சி கொடுக்கிற பெண் ஷெரின்தான் இந்த நோட்டைக் கொடுத்தாள். "தெனமும் என்ன கேட்டுச்சுன்னு எழுதுங்கம்மா" என்றாள். நான் டைரி எழுதுகிற ஆள் இல்லை. தையல்காரி. ஜாக்கெட் அளவு நோட்டு மட்டும்தான் எழுதுவேன். சரி, இதுவும் ஒரு அளவு நோட்டுதான்.

ஸ்விட்ச் போட்டதும் இவர் ஷெரினிடம் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? பொண்டாட்டிக்குப் பேச்சு எப்போது புரியும் என்றில்லை. "பாட்டு எப்பங்க கேக்கும்?"

"பேச்சு முதல்ல வருங்க சார். பாட்டு கடைசி. தாளம் சீக்கிரம் பிடிபடும், ராகம் ரொம்பக் கஷ்டம். சில பேருக்குப் பாட்டு வராமலே போயிடும்" என்றாள் அவள். இவர் முகம் சுருங்கியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஈரோடு வந்ததும் வராததுமாக ஹாலில் ஒரு பாட்டைப் போட்டார். அரிசி போடாமல் கிரைண்டரை ஓட்டினால் எப்படியோ அப்படி. "நிறுத்துங்க!" என்று கத்தினேன். பிறகு கோபத்தில் ஒரு பந்தயமும் கட்டினேன். மே இருபதாம் தேதி மூன்றாம் மாதப் பரிசோதனை. அதற்குள் ஒரே ஒரு பாட்டையாவது திரையைப் பார்க்காமல், யாரும் சொல்லாமல், நானாக இன்ன பாட்டு என்று சொல்ல வேண்டும். முடியாவிட்டால் வீடு முழுக்க மாட்டியிருக்கிற ஸ்பீக்கரை எல்லாம் கழட்டிப் பழைய சாமான்காரனிடம் போட்டுவிட வேண்டும்.

"சரி சுலோ" என்றார். அவ்வளவுதான்.

பிப்ரவரி 20, வியாழன்

மிக்ஸி, குக்கர், பால்காரர். மூன்றும் ஒரே சத்தம். தலைவலி. இரண்டு ஜாக்கெட் வெட்டினேன்.

பிப்ரவரி 23, ஞாயிறு

இவரைப் பற்றி எழுதாமல் இந்த நோட்டு விளங்காது. பெயர் சென்னியப்பன். மின்வாரியத்தில் ஃபோர்மேன். நாள் முழுக்கக் கம்பியோடு மாரடித்துவிட்டு வீட்டுக்கு வந்தும் கம்பியோடுதான். எனக்குக் காது போன அதே மாதம்தான் இவர் வீடு முழுக்க ஒயர் இழுத்து, ஹால், சமையல்கட்டு, தையல் ரூம், மாடி ரூம் என்று நாலு இடத்தில் ஸ்பீக்கர் மாட்டி முடித்திருந்தார். மாடி ரூமில் ஒரு கறுப்புப் பெட்டி. பாட்டெல்லாம் அதற்குள். வீட்டு வைஃபையில் போனிலோ டேப்லெட்டிலோ தேடி, எந்தப் பாட்டை எந்த ரூமில் வேண்டுமானாலும் போடலாம்.

செவிட்டுப் பொண்டாட்டியை வைத்துக்கொண்டு ரூமுக்கு ரூம் பாட்டு! ஆபீஸ் விட்டு வந்ததும் ஆறு மணிக்கு மாடி ஏறினால் எட்டு மணிக்குத்தான் இறங்குவார். பதினோரு வருஷம். ஒரு தடவை காப்பி கொடுக்கப் போனபோது பார்த்தேன், திரை நிறைய பாட்டுப் பெயர் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கப்புறம் காப்பியைப் படியிலேயே வைத்துவிட்டு வந்துவிடுவேன்.

இன்றைக்கு ஒரு சின்ன வெள்ளை டப்பாவைக் கொண்டுவந்து கறுப்புப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். அது பாட்டை நேராக என் காது மெஷினுக்கே அனுப்புமாம். டேப்லெட்டில் ஸ்பீக்கர் பட்டியலைக் காட்டினார். ஹால், சமையல்கட்டு, தையல் ரூம், மாடி ரூம். ஐந்தாவதாக, சுலோ.

"என்னையும் சுவத்துல மாட்டிட்டீங்களாக்கும்?" என்றேன். சிரித்தார்.

எப்படித் தேடுவது என்றும் காட்டினார். பாடினவர் பெயரில் தேடலாம், வருஷத்தில் தேடலாம். அது போக இவர் தனியாக வகை பிரித்து வைத்திருக்கிறார்: 'பவானி பஸ்ஸில் கேட்டது', 'மாமா வீட்டுக் கல்யாணத்தில் கேட்டது', 'கிணத்துமேட்டில் ரேடியோ'. மொத்தம் 11,342 பாட்டு. ஒன்றிலும் ஒரு பிழை கிடையாது. வேலை மெனக்கெட்ட வேலை என்று நினைத்தேன்.

எல்லாம் நாங்கள் சேர்ந்து கேட்ட காலத்துப் பாட்டுகள். அப்போதெல்லாம் ரேடியோவோடு கூடவே இவரும் பாடுவார். குரல் சுமார். ஆனால் பொறுமை கிடையாது. சரணம் முடிந்து பல்லவிக்குத் திரும்புகிற இடத்தில் வாத்தியம் முடிவதற்குள் முந்திக்கொண்டு உள்ளே வந்துவிடுவார். "அவசரக்குடுக்கை" என்று தலையில் குட்டுவேன். கல்யாணமான புதிதில் அதற்கே தினமும் சண்டை.

மார்ச் 3, திங்கள்

முடிவு செய்துவிட்டேன். ஒரே பாட்டு. பவானி பஸ்ஸில் கேட்டது. இவர் ஆபீஸ் போனதும் தினமும் பத்துத் தடவை. இவருக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு "கேக்குதா, கேக்குதா" என்று உயிரை எடுப்பார்.

பாட்டின் வரியை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் கண்ணால் கேட்டது போல ஆகிவிடும். கண்ணால் கேட்டது போதும்.

இன்றைக்குப் பத்து. பத்தும் கிரைண்டர்.

மார்ச் 11, செவ்வாய்

இன்றைக்கு நான் பண்ணின கூத்தை எழுதாமல் இருக்க முடியாது.

மத்தியானம் டேப்லெட்டில் பஸ் பாட்டைப் போட்டேன். சத்தமே இல்லை. சத்தத்தை ஏற்றினேன். இல்லை. முழுசாக ஏற்றினேன். இல்லை. சரி, வெள்ளை டப்பா கெட்டுவிட்டது போல என்று பட்டியலில் இருந்த பெயரை எல்லாம் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தேன். எதுவும் கேட்கவில்லை. போய்த் தொலை என்று கட்டிங் மேசைக்குப் போய்விட்டேன். குண்டூசி டப்பா மேசைமேல் நடுங்கிக்கொண்டே நகர்ந்தது. தெருவில் லாரி நிற்கிறது என்று நினைத்துக்கொண்டு டப்பாவைப் பிடித்து வைத்தேன்.

அரை மணி நேரம் கழித்து யாரோ தோளைத் தொட்டார்கள். எதிர் வீட்டுத் தமயந்தி. காதைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள். வாய் அசைகிறது, எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம்தான் தெரிந்தது, டப்பா கெடவில்லை, என் காது மெஷினில் பேட்டரி தீர்ந்துபோயிருக்கிறது. நாலு ரூமிலும் நாலு ஸ்பீக்கரும் முழுச் சத்தத்தில் அலறிக்கொண்டிருக்க, நான் நடுவில் உட்கார்ந்து ஜாக்கெட்டுக்குக் கை வெட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்!

எல்லாவற்றையும் நிறுத்திப் பேட்டரி மாற்றி, தமயந்திக்கு மோர் கொடுத்தேன். சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண்ணில் தண்ணீர்.

"என்ன விசேஷமோன்னு ஓடி வந்தனுங்க்கா. நாங்க எதிர்ல குடி வந்து ஒம்போது வருசமாச்சு. இந்த வீட்டுல ஒரு நாள் ஒரு பாட்டுச் சத்தம் கேட்டதில்லீங்களே."

"அவரு மாடியில மெதுவா வச்சுக் கேப்பாரு."

"எங்க துணி காயப்போடற மாடிக்கு நேர்தானுங்க்கா உங்க மாடி ரூம் ஜன்னல்" என்றாள்.

அவளுக்கும் காதைச் சோதிக்கச் சொல்ல வேண்டும்.

மார்ச் 12, புதன்

காலையில் மெஷின் பக்கத்தில் புது பேட்டரி அட்டை இரண்டு இருந்தது. டேப்லெட்டில் ஐந்தாவதாக இருந்த என் பெயர் இப்போது முதலாவதாக, கட்டம் கட்டி இருக்கிறது. தமயந்தி இவரிடம் வாயை விட்டிருப்பாள். இவர் என்னிடம் எதையும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

பத்துக்குப் பதில் பதினைந்து போட்டேன்.

மார்ச் 28, வெள்ளி

பூக்காரம்மா முதுகுப் பக்கம் இருந்து "ரெண்டு முழமா, மூணா?" என்று கேட்டாள். திரும்பாமலே "மூணு" என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது, நான் அவள் வாயைப் பார்க்கவில்லை! மூன்று முழத்தையும் வாங்கி நானே வைத்துக்கொண்டேன். ஓசூரில் இருக்கிற மகனுக்குப் போன் போட்டேன். "அம்மா" என்றான். அதுவும் புரிந்தது. இரண்டு பேரும் அழுதோம்.

பாட்டு மட்டும் தகரம்தான்.

ஏப்ரல் 9, புதன்

இரண்டாம் பரிசோதனை. பேச்சில் நூற்றுக்கு எழுபத்திரண்டு. ஷெரின் கை தட்டினாள். பிறகு எல்லோருக்கும் தெரிந்த பன்னிரண்டு மெட்டை வார்த்தை இல்லாமல் போட்டாள். மூன்றுதான் சரி. அதில் இரண்டு குருட்டாம்போக்கு.

"முகம் வாடாதீங்கம்மா. உங்களுக்குத் தாளம் நல்லா வருது. அதப் பிடிங்க. மெட்டைத் தேடாதீங்க" என்றாள்.

தேடாமல் எப்படிக் கண்டுபிடிப்பதாம்? வரும் வழியெல்லாம் இவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தார். பஸ்ஸில் ஏதோ பாட்டுப் போட்டிருந்தார்கள். எழுந்து போய் டிரைவரிடம் ஏதோ சொல்லிவிட்டு வந்தார். தகரச் சத்தம் நின்றது.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒன்று. பாயசம், வடை. விரலால் மேசையில் தாளம் போட்டுப் பழகுகிறேன். பஸ் பாட்டில் தபலா எங்கே நிற்கும், எங்கே திரும்பும் என்பது விரலுக்குத் தெரிந்துவிட்டது. காதுக்குத் தெரியவில்லை.

இவர் பாட்டைப் பற்றி வாயே திறப்பதில்லை. சலித்துவிட்டது போல. சலித்தால் சலிக்கட்டும், எனக்குச் சலிக்கவில்லை.

ஏப்ரல் 25, வெள்ளி

ஒரு ஜாக்கெட்டும் வெட்டவில்லை. வேறு பாட்டுகளுக்கும் தாளம் பிடிக்கலாம் என்று பட்டியலைத் தள்ளிக்கொண்டிருந்தேன். விரல் எங்கோ பட்டு வரிசை மாறிவிட்டது. அகர வரிசை போய், எந்தப் பாட்டு எத்தனை முறை ஓடியது என்கிற வரிசை வந்தது. முதலில் என் பஸ் பாட்டு: 538. அதற்குக் கீழே நான் இடையிடையே போட்டுப் பார்த்த முப்பத்துச் சொச்சம் பாட்டுகள்: 9, 4, 3, 1.

அதற்குக் கீழே 0.

தள்ளினேன். 0. இன்னும் தள்ளினேன். 0. கை வலிக்கிற வரைக்கும் தள்ளினேன். 'கடைசியாகக் கேட்டது' என்ற இடம் எல்லாவற்றுக்கும் காலி.

மெஷின் எண்ணுவது தப்பு என்று நினைத்தேன். 0 போட்ட ஒரு பாட்டை எடுத்து ஓட்டினேன். முடிந்ததும் 1 ஆனது. இன்னொன்று. அதுவும் 1. என் பஸ் பாட்டைத்தான் இத்தனை சரியாக எண்ணி வைத்திருக்கிறதே, இவர் கேட்டதை மட்டும் எண்ணாமல் விடுமா?

ஆறு மணிக்கு வந்தார். செருப்பைக் கழட்டுவதற்குள் பிடித்துக்கொண்டேன்.

"தெனமும் ரெண்டு மணி நேரம் மாடியில என்ன பண்ணுனீங்க?"

டேப்லெட்டைப் பார்த்தார். புரிந்துகொண்டார். "பேர் எழுதிட்டிருந்தேன் சுலோ. வகை பிரிச்சு வச்சிட்டிருந்தேன்."

"கேக்கலியா?"

"இல்ல."

"ஒண்ணு கூடவா?"

"மொதல்ல ஒரு தடவ போட்டேன். நல்ல எடம் வந்தப்ப உங்கிட்டச் சொல்லலாம்னு திரும்பினேன். நீ பாட்டுக்குக் கீழ தச்சுட்டிருந்தே. பாதியிலயே நிறுத்திட்டேன். அதுக்கப்பறம் கை போகல. என்னிக்காச்சும் உனக்குக் காது வந்தா எல்லாம் தயாரா இருக்கட்டும்னுதான்…"

எனக்கு வந்த கோபம் கொஞ்ச நஞ்சம் இல்லை. "யாருங்க உங்கள விரதம் இருக்கச் சொன்னது? பதினோரு வருசம்! நீங்க மேல உக்காந்து சுகமா பாட்டுக் கேக்கறீங்கன்னு நான் கீழ உக்காந்து வயிறெரிஞ்சேனே, அதெல்லாம் வீணாப் போச்சே!"

அவர் சிரித்துவிட்டார். நானும் சிரித்துத் தொலைத்தேன். அப்புறம் இரண்டு பேரும் செருப்பு வைக்கிற இடத்திலேயே உட்கார்ந்து அழுதோம்.

"நேத்து பதினெட்டுத் தடவ போட்டியே" என்றார் மெதுவாக. "வாசக் கேட்டுக்குள்ள வந்ததும் போன்ல மொதல்ல அதத்தான் பாப்பேன்."

மார்ச் மூன்றிலிருந்தே தெரியுமாம்! பேட்டரி அட்டையும் அப்படித்தான் வந்திருக்கிறது. திருட்டுத்தனமாகப் படித்ததாக நினைத்தது நான் ஒருத்திதான்.

"சரி, இனிமேலாச்சும் கேளுங்க" என்றேன்.

"நீ ஒரு பாட்டைச் சொல்லு. அப்பறம் கேக்கறேன்."

"நான் சொல்லவே முடியலைன்னா?"

"பந்தயம் இருக்குதல்ல. கழட்டிப் போட்டுடலாம்."

இது வரைக்கும் என் காது என் பாடு என்று இருந்தேன். இப்போது இந்த மனுஷனின் காதும் என் தலையில் ஏறிக்கொண்டது. பயமாக இருக்கிறது. ஆனால் விடப் போவதில்லை.

மே 6, செவ்வாய்

இன்றைக்கு நாற்பது தடவை. விரல் நுனி காய்த்துவிட்டது.

மே 11, ஞாயிறு

காப்பி குடித்ததும் "போட்டுப் பாருங்க" என்றேன். திரையைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு ஐந்து பாட்டுப் போட்டார். ஐந்தும் தப்பு. ஐந்தில் ஒன்று பஸ் பாட்டேதானாம். ஐந்நூறு தடவைக்கு மேல் கேட்ட பாட்டு! பெயர் கண்ணில் படாவிட்டால் அது எனக்கு யாரோ.

குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். வெளியே வந்தபோது இவர் ஹால் ஸ்பீக்கருக்குக் கீழே ஸ்டூலைப் போட்டு ஏறி, ஸ்க்ரூவைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எறங்குங்க கீழ. இன்னும் ஒம்போது நாள் இருக்குது" என்றேன்.

மே 18, ஞாயிறு

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் கடைசிப் பரீட்சை. பாட்டை ஹாலுக்கும் 'சுலோ'வுக்கும் சேர்த்துப் போடச் சொன்னேன். அவரும் கேட்க வேண்டும், எத்தனை நாளைக்கு எனக்கு மட்டும் பரிமாறுவது? எண்ணிக்கையில் நான் தொட்டதே இல்லாத பாட்டாக எடுங்கள் என்றும் சொன்னேன். வீம்புதான். உதடு தெரியக் கூடாது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

முதல் பாட்டு, தகரம். தெரியவில்லை என்றேன். இரண்டாவது, தகரம். ஏதோ ஒரு பெயரைச் சொன்னேன், தப்பு.

மூன்றாவது ஓடியது. விரலால் தொடையில் தாளம் போட்டேன். நாலு நாலாகப் போகிறது. ஒரு இடத்தில் நிற்கிறது. பெண் குரலா ஆண் குரலா என்றுகூடத் தெரியவில்லை. போச்சு, பழைய சாமான்காரனைக் கூப்பிட வேண்டியதுதான் என்று நினைத்தேன். சரணம் முடிந்து வாத்தியம் போய்க்கொண்டிருந்தது. அது முடியவில்லை, என் விரலுக்குத் தெரிகிறது, இன்னும் ஒரு சுற்று பாக்கி இருக்கிறது. அதற்குள் நடுவில் இன்னொரு சத்தம் புகுந்தது. தாளத்துக்கு ஒட்டாமல், முன்னால், இடித்துக்கொண்டு.

"அவசரக்குடுக்கை! வாத்தியம் முடியட்டுமுங்க!" என்று கத்திவிட்டேன்.

கத்தின பிறகுதான் கண்ணைத் திறந்தேன். இவர் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார். தன்னை மறந்து பாடியிருக்கிறார். பதினோரு வருஷத்துக்குப் பிறகு.

எல்லாப் பாட்டிலும் இவர் முந்துவார், ஆனால் முழுசாக ஒரு சுற்று முந்தி விழுவது ஒரே ஒரு பாட்டில்தான். கிணத்துமேட்டு ரேடியோவில் கேட்ட அந்த நாற்று நடுகிற பாட்டு. கல்யாணமான முதல் மாதம் இதே இடத்துக்குத்தான் முதல் குட்டு வைத்தேன். பெயரைச் சொன்னேன். பாடினவரைச் சொன்னேன். வருஷத்தையும் சொன்னேன்.

கவிழ்த்த டேப்லெட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இது செல்லாது சுலோ. நான் பாடினதாலதான நீ கண்டுபிடிச்சே."

"பந்தயத்துல உங்க வாயைக் கட்டறதாப் பேச்சே இல்ல" என்றேன்.

மே 20, செவ்வாய்

மெட்டுப் பரிசோதனையில் பன்னிரண்டுக்கு ஐந்து. நடந்ததை ஷெரினிடம் சொன்னேன். "சாரைக் கூட்டிட்டு வந்து பாட வைக்கணும் போல இருக்கு" என்றாள். வேண்டாம் கண்ணு, உன் மற்ற பேஷன்ட் எல்லாம் ஓடிவிடுவார்கள் என்றேன்.

மே 21, புதன்

நோட்டில் பக்கம் தீரப் போகிறது. கணக்கு எழுதி முடிக்கிறேன். நாற்று நடுகிற பாட்டு: 6. இன்னும் 0 என்று நிற்பவை: 11,287. ஆறு மணியிலிருந்து எட்டு மணி வரைக்கும், ஹாலில், தினமும் பத்து. மூன்று வருஷத்துக்குக் கொஞ்சம் மேல் ஆகும். ஆகட்டும்.

தமயந்தி வாசலில் நின்று, "ஏனுங்க்கா, பாட்டு நல்லாத்தான் இருக்குது, அண்ணன் மட்டும் கொஞ்சம் பொறுத்துப் பாடக் கூடாதுங்களா?" என்று கேட்டாள். சொல்கிறேன் என்றேன்.

சொல்ல மாட்டேன். அவர் முந்தினால்தான் எனக்குப் பாட்டுத் தெரியும்.